இலை மடிக்கும் பக்கம்

அமுதத்தின் இலை மட்டும் எதிர்ப்பக்கமாக மடிந்திருந்தது.

மற்றவர்கள் எல்லாரும் வழக்கம்போல இலையைத் தங்கள் பக்கம் இழுத்து மடித்துவிட்டுக் கிணற்றடிக்குக் கை கழுவப் போயிருந்தார்கள். அமுதத்தின் இலை, உட்கார்ந்து சாப்பிட்டவளை விட்டு விலகி, அப்பால் போய் மடிந்து கிடந்தது. கருமாதிச் சாப்பாட்டில்தான் அப்படி மடிப்பார்கள். விருத்தாம்பாளும் ஒருமுறை மடித்திருக்கிறாள், கல்யாணமான மறுவருஷம், புருஷனின் பதினாறாம் நாளில். அதை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

“இன்னாடி அமுதம், எலைய இப்டி மடிச்சிட்ட?”

கையை உதறிக்கொண்டே வந்த அமுதம் எட்டிப் பார்த்தாள். “நான் எங்கக்கா மடிச்சேன்? ஒழுங்காத்தான் மடிச்சிட்டு எழுந்தேன்.” சிரித்துவிட்டுப் படுக்கப் போனாள்.

பொழுது விடிவதற்குள் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டுபோய் நோய் கண்டவர்களுக்கான ஒதுக்குக் கொட்டகையில் விட்டார்கள்.

பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலம் அது. பாகூர் ஏரிக்கரையை ஒட்டி, வெல்ல ஆலைக்காரர் ஒருவர் விட்டுப்போன பெரிய வீட்டில் மருத்துவச்சிப் படிப்பு நடந்தது. சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். பரீட்சைக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது ஊரில் வாந்திபேதி புகுந்தது. டாக்டர் உத்தரவு போட்டார், கேட்டை இழுத்துப் பூட்டினார்கள், வாசலில் ஒரு சிப்பாய் உட்கார்ந்தான். அதோடு, படித்தது ஒன்றும் யார் தலையிலும் ஏறவில்லை. ஒருத்திக்குத் தூக்கம் போயிற்று, ஒருத்திக்குச் சோறு இறங்கவில்லை, ஒருத்தி சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பள்ளியை நடத்திய மதாம் செலஸ்தீன் புதுச்சேரிக்காரி. “பயந்தாம்மா மொதல் கிருமி” என்பாள். அந்தக் கிருமியைக் கொல்ல அவளிடம் நிறைய வைத்தியம் இருந்தது. காலையில் எல்லாரும் வரிசையாக நின்று மூச்சை நிதானமாக இழுத்துவிட வேண்டும். மதியம் தையல். பயம் வந்தால் உடம்பிலுள்ள எலும்புகளின் பெயரை உரக்க ஒப்பிக்க வேண்டும். விளக்கு வைத்ததும் மதாம் “குராஜ்!” என்று கத்துவாள், எல்லாரும் திருப்பிக் கத்த வேண்டும். தைரியம் என்று அர்த்தமாம். பாதிப் பேர் அதை மருந்தின் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கொட்டகைக்குப் போனவளைப் பற்றி யாரும் கேட்கக்கூடாது. பயத்தைக் கிளப்பிவிடுகிறவளுக்கும் கொட்டகைதான். போன யாரும் இதுவரை திரும்பி வரவில்லை. தட்டில் நோய் ஒட்டும் என்று வாழை இலையில்தான் சாப்பாடு. சாப்பிட்ட இலைகளைச் சுண்ணாம்புக் குழியில் கொட்டுவார்கள்.

மறுநாள் சாயங்காலம் விருத்தாம்பாளின் கண் இலைகளை விட்டு நகரவில்லை. தையலம்மாள் தன் இலையை நன்றாக, தன் பக்கம் இழுத்து மடித்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள். தையலம்மாள் எழுந்தாள். விருத்தாம்பாள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள். இலை எதிர்ப்பக்கம் மடிந்திருந்தது.

அன்று ராத்திரியே தையலம்மாளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

விடிந்ததும் விருத்தாம்பாள் மதாமிடம் ஓடினாள். மதாம் முழுக்கக் கேட்டுவிட்டு, கதவைச் சாத்தினாள்.

“பயந்தவளுக்கு வயிறு தானா கலங்கும். எலை மடிஞ்சிதுன்னு சொன்னேன்னு வச்சிக்க, அத்தினி பேருக்கும் கலங்கும். இன்னொரு காதுல இது வுழுந்துது, ஒன்ன எங்க அனுப்புவேன்னு தெரியுமில்ல?”

“தெரியுங்க மதாம்.”

“இன்னிக்கி ராத்திரி சாப்பாட்ட நீயே பரிமாறு. கை வேலையா இருந்தா மனசு அலையாது.”

விருத்தாம்பாளுக்குத் தன் உயிர் ஒன்றும் பெரிதில்லை. எல்லம்மாளை நினைத்துத்தான் நடுங்கினாள். நல்லவாட்டு மீன்காரர் வீட்டுப் பெண் எல்லம்மாள். தாலியறுத்தவள் பக்கத்தில் உட்கார மற்றவர்கள் தயங்கிய முதல் நாளே, இலையைத் தூக்கிக்கொண்டு வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தவள். “தள்ளி ஒக்காருக்கா, ஒரு எடம் எனக்கும் வோணும்” என்று அவள் சொன்னதை நினைத்தால் விருத்தாம்பாளுக்கு இன்னமும் கண் கலங்கும். அவளைக் கொட்டகைக்குக் கொடுக்க முடியாது. முடியவே முடியாது.

பகலெல்லாம் யோசித்ததில் ஒரு வழி தோன்றியது. அவரவர் மடித்த இலைதான் திரும்பிக்கொள்கிறது. வேறொருத்தி, சாப்பிடாதவள், இலை புரளுவதற்கு முன்னால் நல்லபடியாக மடித்து அழுத்திவிட்டால்?

அன்றைய சாயங்காலம் ஏரிப்பக்கமிருந்து காற்றே இல்லை. சுண்ணாம்புக் குழியின் காரமான நெடியும் பினாயில் வாடையும் மிளகு ரசத்தின் மணமும் கலந்து கூடத்தில் அடைத்துக்கொண்டு நின்றன. சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களுக்கு எதிரே விருத்தாம்பாள் சோற்றுப் பாத்திரத்தோடு குனிந்து நகர்ந்தாள். கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தம்தான் கேட்டது. முந்தின நாள் வரைக்கும் கொட்டகையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த முனகலும் இப்போது இல்லை.

எல்லம்மாள் தையலம்மாளின் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாக்கா, எலையையே பாக்குற?”

“ஒன்னுமில்லடி. சாப்புடு.”

அவள் சாப்பிட்டு முடிக்கிற நேரம். இலையின் ஓரம், எல்லம்மாளின் மடியை ஒட்டியிருந்த ஓரம், லேசாக எழும்பியது. காற்றில்லை. மறுபடி எழும்பியது.

“எல்லாம் எழுந்திரிங்க!” விருத்தாம்பாள் கத்தினாள். “யாரும் மடிக்க வாணாம். எலைய நான் பாத்துக்குறேன். போங்க, போய்க் கை கழுவுங்க!”

பெண்கள் மிரண்டுபோய் எழுந்தார்கள். பயம் வந்தால் செய்யச் சொன்னதைச் செய்தார்கள். கிணற்றடியில் எலும்புப் பாடம் ஒரே குரலாகத் தொடங்கியது. இடுப்பெலும்பு, வாலெலும்பு, தொடையெலும்பு.

விருத்தாம்பாள் பாத்திரத்தை அங்கேயே போட்டாள். நின்ற இடத்திலிருந்தே குனிந்தாள். முதலில் எல்லம்மாளின் இலை. தன் பக்கம் இழுத்து மடித்தாள். உள்ளங்கையால் அழுத்தினாள். அசையவில்லை. அடுத்தது. தன் பக்கம். அழுத்தினாள். அடுத்தது. எச்சில் சோறு விரலில் ஒட்டியது, பரவாயில்லை. தன் பக்கம். தன் பக்கம். கடைசி இலையையும் மடித்து நிமிர்ந்தபோது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஒன்றும் புரளவில்லை. எல்லாம் சமர்த்தாகக் கிடந்தன.

எல்லம்மாள் தண்ணீர்க் குவளையைச் சுவரோரம் மறந்து விட்டுப் போயிருந்தாள். அதை எடுக்க விருத்தாம்பாள் வரிசையைச் சுற்றிக்கொண்டு, அவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போனாள். குனிந்தாள்.

குவளையை எடுக்கவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், எல்லா இலையும் எதிர்ப்பக்கம் மடிந்திருந்தது.

எதுவும் புரளவில்லை. எதுவும் திருப்பவில்லை. எதிரே நின்று, தன் பக்கம், தன் பக்கம் என்று அவள்தான் இழுத்திருக்கிறாள். சாப்பிட்டவர்களை விட்டு விலக்கி இழுத்திருக்கிறாள். ஒன்றுவிடாமல்.

“ஐயோ.”

எல்லம்மாளின் இலையைப் பிரித்தாள். இந்தப் பக்கம் மடித்தாள். அழுத்தினாள். கைக்குக் கீழே இலை அசைந்தது. இரண்டு கையாலும் அழுத்தினாள். முட்டி போட்டு அழுத்தினாள். நடுத்தண்டு நெறுநெறுவென்றது. இலை அவளைத் தள்ளியது. எழுந்தது. அந்தப் பக்கம் போய்ப் படுத்தது.

கிணற்றடியில் பாடத்திலிருந்து ஒரு குரல் குறைந்தது.

இடுப்பெலும்பு, வாலெலும்பு. இன்னொரு குரல். தொடையெலும்பு. இன்னொன்று. கடைசியில் எல்லம்மாளின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. வாலெலும்பு. வாலெ…

கூடத்து வாசலில் நிழல் விழுந்தது.

“அக்கா” என்றாள் எல்லம்மாள். ஈரக் கை வயிற்றின்மேல் இருந்தது. “வயித்த இன்னாவோ பண்ணுதுக்கா.”

அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக நின்றார்கள், எல்லாருடைய கையும் வயிற்றில். யாரும் அழவில்லை. மதாம் சொல்லிக்கொடுத்தபடியே நிதானமாக, ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தார்கள், விட்டார்கள்.