அனுமதி கேளாமல் வந்த படங்கள்

மார்கழி மழை துறைமுகத்தின் எதிர்க்கரையை மறைத்திருந்தது. பகல் இரண்டு மணிக்கே பொழுதுபட்ட இருட்டு. நிரோஜினி குடையை மடக்கிக்கொண்டு பழைய பண்டகசாலையின் மரப்படிகளில் ஏறினாள். கீழே வலைகளும் நைலோன் கயிறுகளும் குவிந்து கிடந்தன. மேலே, மீனவர் சங்கம் அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்த ஒற்றை அறை. ஈரச் சுவரும் வௌவால் எச்சமும் கலந்த அந்த மணம் அவளுக்குப் பழகிப்போன ஒன்று. அன்று அதற்குள் இன்னொரு மணமும் இருந்தது. ஆழத்துச் சேற்றைக் கிளறியது போல.

"சன்னலைத் திறந்து விட்டனீங்களோ?"

"இல்லையே," என்றான் அவளோடு வேலை செய்யும் முனாஸ், கணினியிலிருந்து கண்ணெடுக்காமல்.

அவளுடைய தம்பி வினோதன் கடலுக்குப் போய் இருபத்து மூன்று நாளாகிவிட்டது. நீல வள்ளத்தில் மூன்று பேர் போனார்கள். வள்ளமும் திரும்பவில்லை, ஒரு பலகையும் கரை சேரவில்லை.

சங்கத்துக்காக இணையச் செயலியை எழுதியவள் அவள்தான். புறப்படுமுன் ஒவ்வொரு வள்ளமும், ஆட்கள் ஏறியிருக்கும் படமொன்றை அதில் போடவேண்டும். யார் யார் போனார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. படங்கள் கிளவுட் சேமிப்பகத்தில் போய்ச் சேரும். அந்தச் சேமிப்பகத்தை அவள் சரியாகப் பூட்டாமல் விட்டிருந்தாள். எவனோ அதிலிருந்து வினோதனின் படத்தை எடுத்து, அவள் அம்மாவுக்கே அனுப்பி, 'மகன் உயிரோடு இருக்கிறான்' என்று எழுதிவிட்டான். அம்மா மூன்று நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் தொலைபேசியைப் பிடித்தபடி கிடந்தாள்.

அந்த நெஞ்சுக் குத்தலோடுதான் நிரோஜினி இப்போது ஒவ்வொரு வாசலாக அடைத்தாள். சேமிப்பகம் இனி வெளியாருக்குத் திறக்காது. கணக்கு உள்ளவர் கேட்டால் மட்டும் ஓர் அனுமதி இணைப்புப் போகும். ஐந்து நிமிடத்தில் அது செத்துவிடும். அதற்குள் ஒரு படம், ஒரேயொரு படம்.

வேலை முடிந்ததும் முனாஸ் சோதித்தான். அனுமதி இல்லாமல் ஒரு படத்தைத் தள்ளினான். மறுக்கப்பட்டது. செத்த இணைப்பால் தள்ளினான். அதுவும் மறுக்கப்பட்டது.

பிறகு ஒரு படம் உள்ளே வந்தது.

முனாஸின் கைகள் மேசைமேல் சும்மா கிடந்தன.

"நானில்ல," என்றான்.

அனுமதி கேட்ட தடமே பதிவில் இல்லை. அனுப்பியவரின் பெயர் மட்டும் இருந்தது.

வினோதன்.

மங்கிய பழுப்பு வெளிச்சத்தில் நீல வள்ளம். மூன்று பேர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அப்பால் புறாமலைத் தீவின் பாறை.

"தம்பி!" நிரோஜினி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "முனாஸ், உயிரோட இருக்கிறாங்கள்!"

"அவசரப்படாதீங்க. அம்மாவ ஏமாத்தினவன்ட வேலையா இருக்கும்."

"அவன் எந்த வழியால உள்ள வந்தவன்? எல்லாம் பூட்டின பிறகு? சொல்லுங்கோ!"

முனாஸ் கடற்படைக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தான். அவளுக்கோ அதுவரை பொறுக்க முடியவில்லை. கிண்ணியாவிலிருந்து வந்து நிலாவெளிக் கரையில் மீன்வாடி போட்டிருந்த மீனவர் றஊப்பை அழைத்தாள். கடலில் இறங்கவேண்டாமென்று வானிலை நிலையம் காலையிலேயே அறிவித்திருந்தது இருவருக்கும் தெரியும்.

"றஊப் நானா, உங்கட காலைப் பிடிக்கிறன். புறாமலைப் பக்கம் ஒருக்காப் போய்ப் பாருங்கோ."

மறுமுனையில் அலை இரைந்தது.

"அழாதீங்க தங்கச்சி. மச்சான் நிப்றாஸயும் கூட்டிக்கிட்டுப் போறன்."

அந்தக் கொந்தளிப்பிலும் றஊப் விதியை மறக்கவில்லை. அனுமதி கேட்டு, முறையாகப் படம் போட்டார். மஞ்சள் மழைக்கோட்டில் அவர். செம்மஞ்சள் மிதவைச் சட்டையில் நிப்றாஸ்.

அரை மணி நேரம் போனது. அறைக்குள் சேற்று மணம் தடித்தது.

அடுத்த படம் வந்தது. அனுமதியில்லாமல்.

அதே நீல வள்ளம். பாறை இன்னும் கிட்ட. அதே முதுகுகள்.

நிரோஜினி எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

ஐந்து.

கடைசி இரண்டு முதுகுகளில் ஒன்று மஞ்சள். மற்றது செம்மஞ்சள்.

றஊப்பின் தொலைபேசி அடித்துக்கொண்டேயிருந்தது. எவரும் எடுக்கவில்லை.

"மூடுங்க!" முனாஸ் கத்தினான். "எல்லாத்தயும் மூடுங்க!"

அவள் சேமிப்பகத்தின் திறவுச்சொற்களை மாற்றினாள். எல்லா அனுமதிகளையும் பறித்தாள். அப்படியும் மூன்றாவது படம் மேலிருந்து கீழாக, ஈரம் ஊறுவதுபோல விரிந்துகொண்டே வந்தது. மிஞ்சியது தம்பியின் கணக்கு ஒன்றுதான். அழிக்கவா என்று திரை கேட்டது. தன் கையாலேயே அவன் தலையைத் தண்ணீருக்குள் அமுக்குவதுபோல இருந்தது அவளுக்கு.

"என்னை மன்னிச்சுக்கொள் ராசா," என்று முணுமுணுத்தாள்.

அழுத்தினாள்.

படம் பாதியில் நின்றது. மணி மூன்று இருபது.

நான்கு மணிக்கு றஊப் அழைத்தார். குளிரில் பற்கள் அடித்துக்கொள்ளும் ஓசை கேட்டது.

"கரைக்கு வந்திட்டம். புறாமலைக்கிட்ட என்ஜின் நிண்டுட்டு. காத்து ஒரு பக்கம், வள்ளம் ஒரு பக்கம். ஆரோ பிடிச்சு இழுக்கிற மாதிரிப் பாறைக்குப் போச்சு. மூண்டு இருபது போல என்ஜின் தானா ஸ்டார்ட் ஆயிட்டு."

"தம்பியைக் கண்டனீங்களோ?"



"வள்ளம் ஒண்டும் காணல்ல புள்ள. ஆனா எங்கட பேரச் சொல்லி ஆரோ கூப்பிட்டாங்க. தண்ணிக்குள்ள இருந்து."

நிரோஜினி மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். அவர்கள் பிழைத்ததற்காகவா, அவனை அழித்ததற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் மற்றவர்களின் அனுமதிகளைத் திரும்பக் கொடுத்தாள். ஒன்பது நாள் எந்தக் கோளாறும் இல்லை. பத்தாம் நாள் வெயில் எறித்தது, கடல் அடங்கியிருந்தது. காலையில் சம்பூரிலிருந்து, சங்கத்தில் வள்ளம் பதிந்திருந்த ஒரு பெண்ணின் அழைப்பு.

"தங்கச்சி, நான் நல்லம்மா கதைக்கிறன். எங்கட வள்ளத்தின்ர படத்தை இப்பதான் போட்டனான். படத்தில நாலு பேர் இருக்கினம். வள்ளத்தில ஏறி இருக்கிறது மூண்டு பேர்தான். ஏன் பிள்ளை அப்பிடி?"

வள்ளத்தைக் கடலில் இறக்கவேண்டாம் என்று சொல்லத்தான் நிரோஜினி வாய் திறந்தாள். வந்த சொல் வேறு.

"அந்த நாலாவது ஆளின்ர முகம் தெரியுதோ, அக்கா?"

"இல்லைப் பிள்ளை. அங்கால பாத்துக்கொண்டு, முதுகைக் காட்டி..."

நல்லம்மாவின் குரல் அறுந்தது.

"இது படந்தானே?" என்றாள் அவள் மெல்ல. "இஞ்சால திரும்புறான், பிள்ளை."