குறுக்கே பேசாதவள்

காலை ஆறரைக்கு எங்கள் சிங்காநல்லூர் அடுக்ககத்தில் எல்லாரும் நடந்தாக வேண்டும், அரசாங்க உத்தரவு. நடக்காதவருக்கு அன்று லிஃப்ட் கதவு திறக்காது. பதினோராம் மாடிக்காரர்களின் சுறுசுறுப்புக்கு வேறு காரணம் தேட வேண்டாம். நானும் நடப்பேன், கால்களைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். யார் வீட்டில் நேற்று சத்தம், யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் இரண்டு சுற்றில் சொல்லி முடிகிற விஷயம்.

எதிர்வீட்டுப் பூவிழி கூட வந்தால் மட்டும் முடியாது. பாதியிலேயே, "நிறுத்துங்க்கா, இது உங்க சொந்தச் சரக்கு!" என்று குறுக்கே விழுவாள்.

அவளுக்கு எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள் இருக்கவேண்டிய படலம் போன்ற ஒன்று வெளியே படர்ந்து, அடிவயிற்றையும் இடுப்பையும் முறுக்கிப் பிழியும். மெதுவாக நடந்து, முடியாதபோது உட்கார்ந்து, வெந்நீர்ப் பையை அணைத்துக்கொண்டு மறுபடி நடந்தால் அவளுக்குக் கொஞ்சம் இளகும். என் கண்ணால் பார்த்தது. உடலசைவு வாழ்க்கைத் தரத்தை உயர்த்தும் என்று அரசாங்கம் சொன்னதிலும் பொய்யில்லை. உட்காருவதைத்தான் விட்டுவிட்டார்கள். உட்கார வேண்டியவர்களுக்கு நடைக்கச்சை கொடுத்தார்கள்.

கச்சை இடுப்பில் பூட்டிக்கொள்வது. வலி ஏறினால் அது மனதைத் தூங்கவைத்துவிட்டு உடம்பைத் தானே நடத்தும். சிரிக்கும், பேசும், சமைக்கும். வலி இறங்கியதும் ஆளை எழுப்பிவிடும்.

பூவிழியும் அதைப் பூட்டியிருந்தது எனக்கு முதலில் தெரியாது. ஒருநாள் பி பிளாக் கேசவன் வீட்டு விவாகரத்துக் கதையை ஆரம்பித்தேன். பூவிழி கடைசிவரை கேட்டாள். முதுகு நிமிர்ந்திருந்தது. "அப்படிங்களா, நல்லதுங்க" என்று புன்னகைத்தாள். எனக்குக் கழுத்தில் ஈரத்துணி போட்டாற்போல் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, கூன் விழுந்தபடி என் வீட்டுச் சோபாவில் வந்து சரிந்தாள்.

"ஜெசிந்தாக்கா, நேத்து நான் என்னங்க்கா பண்ணுனேன்?"

"நல்லாத்தான் நடந்தே. உன் மாமியாரோட ஊட்டிக்குப் போறதுக்கு ஒத்துக்கிட்டே."

"நானா? அந்தம்மாவோடயா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "முன்ன எல்லாம் வலி தாங்கமுடியாதப்பத்தான் எடுத்துக்கும். இப்ப லேசா சுருக்குனாலே எடுத்துக்குதுங்க்கா. போன மாசம் எனக்கு ரெண்டு மூணு காலைதான் ஞாபகமிருக்கு. வலிச்சாலும் பரவால்லீங்க. எனக்கு என் நாளு வேணும்."

கச்சையைக் கழற்ற, அதைக் கொடுத்த அரசாங்க நலவாழ்வு ஆயம் சம்மதிக்கவேண்டும். கேட்பவள் தன் வாயால் கேட்கவேண்டும். வெள்ளிக்கிழமை வரச்சொல்லியிருந்தார்கள். அன்று வலியை ஏறவிடாமல் அவளை ஆமை மாதிரிக் கூட்டிப்போனேன். இரண்டு கடைக்கு ஒருமுறை உட்கார்ந்தோம். சூட்டுப் பை, மூச்சுப்பயிற்சி, நடுநடுவே என் வம்பு. "புளுகு, புளுகு" என்று அவள் வழியெல்லாம் மறுத்துக்கொண்டே வந்தாள். அத்தனை சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

ஆயத்து அதிகாரிக்கு நல்ல மனசுதான், அதுதான் வினை. "கச்சை இடுப்பில் இருந்தாலும், அது எடுத்துக்காமல் உங்களால் நடக்கமுடியும்னு காட்டுங்க. கூடத்தை ஒருசுற்று வந்தால் போதும்."

"நடுவுல உட்காரலாமுங்களா?" என்றேன்.

"உட்கார்ந்தா சுற்று கணக்கில் வராதும்மா."

பூவிழி என்னைப் பார்த்துவிட்டு நடந்தாள். முதல் மூலைவரை சுவரைப் பிடித்துப் போனாள். இரண்டாவது மூலையில் உதட்டைக் கடித்தாள். மூன்றாவதில் அவள் கை சுவரைவிட்டு மெல்ல நழுவியது. முதுகு நிமிர்ந்தது. புன்னகையோடு திரும்பி வந்தாள்.

"கச்சையைக் கழற்றவேண்டுமா?" என்றார் அதிகாரி.

"வேண்டாமுங்க. நான் ரொம்ப நல்லா இருக்கேன்."

"இது அவ இல்லீங்க!" என்று கத்தினேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"பொறுங்க." நான் பூவிழி பக்கம் திரும்பி, அவள் கணவன் கோகுல்நாத் நேற்று யானைமீது ஏறி அலுவலகம் போனதாகச் சொன்னேன். "அப்படிங்களா, நல்லதுங்க" என்றாள். "பாத்தீங்களா? குறுக்கே பேசவே இல்லை!"

கூடமே சிரித்தது. எங்களுக்கு முன்பே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கோகுல்நாத், "இப்பத்தாங்க்கா வீட்டுல சண்டையே இல்லை" என்றான். கச்சையை நிரந்தரமாக்கி அங்கேயே ஆணை கொடுத்தார்கள்.

அதன்பிறகு அவள் கூனி வந்து என் சோபாவில் சரியவே இல்லை. தினமும் நடக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், சதை பிடித்திருக்கிறது. அவளைப் பார்த்துவிட்டு எங்கள் பிளாக்கில் இன்னும் நாலைந்து பெண்கள் பூட்டிக்கொண்டுவிட்டார்கள். ஒருத்திக்கு வெறும் தலைவலி. காலை நடையில் இப்போது நான் சொல்வதை எல்லாரும் முழுசாகக் கேட்கிறார்கள். வாயாடிக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்று காலை பூவிழியிடம், உன் மாமியாரும் அந்த ஆயத்து அதிகாரியும் ஊட்டியில் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று ஆரம்பித்தேன். பாதியில், அவள் வழக்கமாகக் குறுக்கே விழும் இடத்தில், நிறுத்திக்கொண்டேன்.

அவளும் நின்றாள். புன்னகை மாறாமல், நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.