பெங்குவின் வந்த பெட்டி

“மாமா, நில்லுங்க!”

மூன்று மூன்று படியாகத் தாவி மாமாவை முந்திய வாண்டு, கடைசிப் படியில் இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்தாள்.

மாமாவின் கையில் காலையில் வாங்கிய புது லேப்டாப். அதன் மூலையில் ஒரு குட்டிப் பெங்குவின் ஸ்டிக்கர்.

“தள்ளு வாண்டு! கடைக்காரன் நம்ம தலையில மிளகாய் அரைச்சுட்டான். உள்ள விண்டோஸ் இல்ல, என்னமோ லினக்ஸாம். இந்தப் பெங்குவின்தான் அதோட அடையாளமாம். பழைய மாதிரி மாத்திக் குடுய்யான்னு குடுத்துட்டு வர்றேன். நாளைக்குக் கிடைச்சிடும்.”

“நாளைக்கா? அம்மா அஞ்சு மணிக்கு லிஸ்ட் அனுப்பணுமே!”

மணி நாலே கால்.

வாண்டுவின் அம்மா பள்ளிச் சீருடை தைப்பவள். நூற்று நாற்பது பிள்ளைகளின் அளவும் பெயரும் அந்த லிஸ்ட்டில் இருந்தன. ஐந்து மணிக்குள் துணி வெட்டும் பட்டறைக்கு அது போய்ச் சேராவிட்டால், வேலை வேறு ஆள் கைக்குப் போய்விடும்.

பழைய கம்ப்யூட்டர் நேற்று ‘புஸ்’ என்று புகைந்து கண்ணை மூடிவிட்டது. நல்லவேளை, லிஸ்ட் பென்டிரைவில் பத்திரமாக இருந்தது.

“அந்த லிஸ்ட்தான் இதுல திறக்க மாட்டேங்குதே! திறந்து பி.டி.எஃப். ஆக்கினாத்தானே பட்டறைக்கு அனுப்ப முடியும்?” என்றார் மாமா.

மாமா ஃபிரிட்ஜ் மெக்கானிக். பழைய கம்ப்யூட்டருக்கும் அவர்தான் டாக்டர். தினமும் மத்தியானம் வந்து, “வைரஸ் பார்க்கணும், யாரும் உள்ள வராதீங்க” என்று கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் வைத்தியம் பார்ப்பார். அதனால் இன்று அவருக்குத் துக்கம் கொஞ்சம் அதிகம்.

“திறக்கவே இல்லையா, இல்ல, தப்பாத் திறக்குதா? ஒரே ஒரு தடவை காட்டுங்க மாமா. எங்க ஸ்கூல் லேப்ல எல்லாமே லினக்ஸ்தான்.”

மாமா முணுமுணுத்துக்கொண்டே மாடி ஏறினார்.

அம்மா தையல் மெஷின் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

வாண்டு லிஸ்ட்டைத் திறந்தாள். பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் கோழி கிளறியதுபோல் என்னென்னவோ குறிகள்.

“பார்த்தியா? கம்பெனிக்காரனே பெங்குவினைப் போட்டு அனுப்பிட்டான். அது அதோட பாஷையில எழுதுது!” என்றார் மாமா.

வாண்டு திரையை மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

“அம்மா, மார்பு இருபத்தாறு, தோள் பன்னிரண்டு... நம்பர் எல்லாம் சரியா இருக்கே! பேர் மட்டும்தானே குழம்பியிருக்கு? அப்போ லிஸ்ட் திறந்திருக்கு. இதுல அந்தத் தமிழ் ஃபான்ட் இல்ல, அதான் எழுத்து வரல. பழைய கம்ப்யூட்டர்ல அந்த எழுத்தை யாரும்மா போட்டுக் குடுத்தது?”

அம்மா நிமிர்ந்தாள். “கீழ் வீட்டு அச்சகக்காரர். பத்து வருஷம் இருக்கும்டி.”

அடுத்த நொடி வாண்டு அங்கே இல்லை. பென்டிரைவும் இல்லை.

அச்சகக்காரர் கையெல்லாம் மை. கல்யாணப் பத்திரிகை ஒன்று பாதியில் நின்றது.

“அண்ணா, அம்மாவுக்கு நீங்க போட்டுக் குடுத்த அந்தப் பழைய எழுத்து வேணும். இப்பவே!”

“அதுவா? அது இல்லாட்டி அதுல அடிச்ச லிஸ்ட் எதுவும் வாயைத் திறக்காதே!” அவர் சிரித்துக்கொண்டே முழங்கையால் மவுஸைத் தள்ளித் தேடினார். தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

“கிடைச்சிடுச்சு, புடி!”

வாண்டு மேலே வந்தபோது மணி நாலு நாற்பத்தெட்டு. பென்டிரைவில் வாங்கி வந்த எழுத்து ஃபைலை இரண்டு முறை தட்டினாள். ‘நிறுவு’ என்று கேட்டது. அழுத்தினாள்.

திரையில் அதே கோழிக் கிளறல்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். “விடும்மா...”

“இரும்மா, லிஸ்ட்டை மூடித் திறக்கணும்.”

மூடினாள். திறந்தாள்.

நூற்று நாற்பது பெயர்களும் அழகழகான தமிழில் வரிசையாக நின்றன!

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது லிஸ்ட் பி.டி.எஃப். ஆக மாறிப் பறந்தது. ‘கிடைத்தது. நாளை வெட்ட ஆரம்பிக்கிறோம்’ என்று பட்டறையிலிருந்து பதில் வந்தது. அம்மா வாண்டுவை இழுத்து உச்சியில் முத்தமிட்டாள். அளவு நாடா இருவர் கழுத்திலும் சுற்றிக்கொண்டது.

“என் தங்கமே! எல்லாருக்கும் டீ போடறேன்.”

அம்மா சமையலறைக்குப் போனாள். மாமா மட்டும் லேப்டாப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாசலை எட்டிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

“என்ன மாமா, இன்னும் பெங்குவின் மேல கோபமா?”

“சேச்சே, அதெல்லாம் இல்ல. வந்து... நானும் காலையிலேர்ந்து ஒண்ணைத் தேடிப் பார்த்துட்டேன், காணோம். அதனாலதான் கடைக்கே கிளம்பினேன்.” மாமா குரலைத் தாழ்த்தினார். “அம்மா காதுல விழ வேண்டாம்.”

“எதைத் தேடினீங்க?”

மாமா அவள் காதருகே குனிந்தார்.

“அந்தச் சீட்டாட்டம்... நான் தினமும் மத்தியானம் ஆடுவேனே, அது இதுல இருக்கா?”