திரும்பி வராத வரைபடம்

"எந்திரிங்க."

குரல் உரக்க வரவில்லை. ஆனாலும் அவன் துள்ளி எழுந்துவிட்டான். வாசலில் ஒரு பெண்... குடையை மடக்கக்கூட மறந்து நின்றாள். நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கண்கள் அவனைப் பார்க்கவில்லை, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தன. பிறகுதான் மெல்ல அவன் பக்கம் திரும்பின. அப்பப்பா... இவ்வளவு அழகான கண்களில் இவ்வளவு கோபமா?

காலியாக இருந்தது, அதான் உட்கார்ந்தேன் என்று தடுமாறினான். வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்டுவிட்டு அவள் தன் மேசைக்குப் போனாள். வரைபடப் பிரிவில் ஒருவரும் தலை தூக்கவில்லை. அவன் எழுந்த மேசையின் கீழே மட்டும் ஒரு பழைய கணினி, ஆளில்லாமலே உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

வால்வு செய்யும் தொழிற்சாலை அது. வரைபடங்கள் எல்லாம் ஒரே சாஃப்ட்வேருக்குள் இருந்தன. ஒன்றைத் திருத்த வேண்டுமென்றால் அதை 'வெளியே' எடுக்க வேண்டும். எடுத்தவர் பெயரில் பூட்டு விழும். அவர் திருப்பி வைக்கும்வரை வேறு யாரும் தொட முடியாது. அந்த சாஃப்ட்வேரைப் புதிய பதிப்புக்கு மாற்றத்தான் இவனை அனுப்பியிருந்தார்கள். வந்த அன்றே அலுவலகம் இவனுக்கு 'அப்கிரேடு' என்று பெயர் வைத்துவிட்டது.

எதிலும் அவசரப்படாத ஆள் இவன். முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல், அந்த நகலில் ஒத்திகை. அது தேறினால்தான் நிஜத்தில் கை வைப்பான். அதற்கு முன் வெளியே போன வரைபடங்கள் அத்தனையும் உள்ளே வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எடுத்தவரின் கணினியில் இருக்கும் திருத்தமெல்லாம் அம்போதான்.

எல்லாரும் திருப்பி வைத்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று பாக்கி... பூட்டில் இருந்த பெயரை அவளிடம் காட்டி, இவரிடம் கொஞ்சம் சொல்லுங்களேன் என்றான்.

அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீங்களே சொல்லிப் பாருங்க. நான் சொல்லி எங்கண்ணன் எதையும் கேட்டதில்ல."

மேலாளர்தான் பிறகு அவனைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னார். அவளுடைய அண்ணன் இதே பிரிவில் வரைந்தவன். போன மழைக்காலத்தில் ஒரு வால்வைப் பாதி திருத்திவிட்டு பைக்கில் கிளம்பினான், வீடு போய்ச் சேரவே இல்லை. அந்தக் கணினியை அணைக்க அவள் யாரையும் விடுவதில்லை. கேட்டதும் அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒத்திகைதானே என்று நகலில் இருந்த பூட்டை அவனே எடுத்துவிட்டான். மறுநாள் திறந்து பார்த்தால்... பூட்டு மறுபடி விழுந்திருந்தது. அண்ணனின் பெயரில். அந்த நகல் இருந்ததோ அவனுடைய லேப்டாப்பில், வேறெதோடும் அதற்குத் தொடர்பு கிடையாது. மறுபடி எடுத்தான். மறுபடி விழுந்தது.

மனித புத்தி இருக்கிறதே... பேயை நம்புவதைவிடப் பெண்ணைச் சந்தேகப்படுவது அதற்குச் சுலபம். அவள் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கே போய், என் லேப்டாப்பைத் தொட்டீர்களா என்று கேட்டுவிட்டான். நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. இவன் வேண்டுமென்றே சீண்டுகிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"போனவன வெச்சு விளையாடாதீங்க, அப்கிரேடு சார்."

"நான் ஏங்க விளையாடணும்? நெனச்சா நிஜப் பூட்டையே ஒரு நிமிஷத்துல உடைச்சிடலாம். உங்கள கேக்கணும்னுகூட இல்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கு உறைத்தது. அவள் கண்கள் நிறைந்துவிட்டன. டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். அதன்பின் இருவருக்கும் பேச்சே இல்லை. அவள் முகம் கொடுக்கவில்லை, இவனும் இறங்கி வரவில்லை. ஆனால் ஜன்னலில் மழை தெறிக்கும்போதெல்லாம் இருவர் பார்வைகளும் ஒரே மேசையில் போய் முட்டிக்கொண்டன. யாரும் உட்காராத அந்த நாற்காலி லேசாகத் திரும்பியிருக்கும்... நேற்று வேறு பக்கமல்லவா பார்த்துக்கொண்டிருந்தது?

மாற்றும் வேலைக்கு ஒரு விடுமுறை நாளைக் குறித்திருந்தார்கள். பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை பெய்தது. வரைபடப் பிரிவிலிருந்து ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதால் அவளே வந்தாள். இன்று அண்ணனின் பெயரை அழித்துவிடப் போகிறான், கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தாள்.

அவன் எதையும் அழுத்தாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மேலாளர் போன வாரமே பூட்டை உடைக்கச் சொல்லிட்டாரு. ஒத்திகை தேறல தேறலன்னு சொல்லி இழுத்துட்டிருக்கேன். மனசு வரல..."

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் முதல் தடவையாகக் கோபம் இல்லை. ஐயோ, கோபமே தேவலை போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான்.

"உடைச்சா அவர் கடைசியா வரைஞ்சது போயிடும். அவரோட கணினிலேருந்தே முறையா திருப்பி வெச்சா, புதுசுலயும் அவர் பேர்லயே இருக்கும். அத நீங்கதான் செய்யணும்."

பெயர் போகாதா என்று கேட்டாள். நிச்சயம் போகாது என்றான். அப்படியும் அவள் நகரவில்லை.

"வெளிய எடுத்திருக்கான்னு இருந்தா... திருப்பி வைக்க வருவான்னு இருக்கும்ல? வெச்சிட்டா, அவன் வர வேண்டிய வேலையே இல்லன்னு ஆயிடும்."

அவன் அண்ணனின் நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்தாள். இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது... யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. அதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

திரையில் பாதி திருத்திய வால்வு, கீழே 'திருப்பி வை' என்ற பொத்தான். மவுஸைத் தொட்டவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அவன் பக்கத்தில் மண்டியிட்டு அந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். குளிர்ந்து கிடந்த விரல்கள்... அவள் வாய்விட்டு அழுதாள்.

"போயிட்டு வாண்ணா..."

டக்.

சத்தம் மேசையிலிருந்துதான் வந்தது. திரையில் பூட்டு திறந்துகொண்டது. வரைபடம் உள்ளே போயிற்று, அண்ணனின் பெயரோடு. இத்தனை காலம் நிற்காமல் ஓடிய கணினி மெல்ல அடங்கி நின்றது. மழைச் சத்தம் மட்டும் மிச்சம்.

"நீங்க அழுத்தினீங்களா?" அவள் குரல் காற்றாகத்தான் வந்தது.

அவன் குனிந்து பார்த்தான். அவளுடைய இரண்டு கைகளும் அவனுடைய இரண்டு கைகளுக்குள் இருந்தன. அவளும் பார்த்தாள். இருவரும் கையை எடுக்கவில்லை.

பயமாக இருக்கிறதா என்று கேட்டான்.

"இருக்கு..." என்றாள். "வேலை முடிஞ்சிடுச்சுன்னு நீங்களும் கெளம்பிடுவீங்களே, அதுதான் பெரிய பயமா இருக்கு."

அவன் பிடி இன்னும் கொஞ்சம் இறுகியது.

"உங்கண்ணனுக்காக மட்டும்தான் இத்தன நாள் இழுத்தடிச்சேன்னா நெனச்சீங்க?"