நல்ல கனமான குழாய்

சல்லிக்குப் போகிற வீதியில் சிவகுருவின் கராஜ் இருக்கிறது. வேலிக்கு வெளியே கருவாடு காயும். வேலிக்கு உள்ளே ஜீப்புகள் காயும். ஒரு பின்னேரம் கிண்ணியாவிலிருந்து இன்பாஸ் அங்கே வந்து இறங்கினான். அவன் வந்த சின்ன லொறியின் பின்னால் பழைய இரும்புக் கட்டில் ஒன்று, சாக்குப் போர்த்திக் கிடந்தது.

இன்பாஸுக்குக் கிண்ணியாவில் பெயின்ற் கடை. சீவியமெல்லாம் அதற்குள்ளேதான். பள்ளிக்கூடத்தில் 'என் வாப்பா' என்று படம் கீறச் சொன்னபோது மகள் நஸ்ரின் ஒரு பெயின்ற் வாளியைக் கீறிக் கொண்டுவந்தாள். மனைவி றிஷானா அதை அவனிடம் காட்டிச் சிரித்தாள். சிரித்து முடித்தபிறகு, "எங்களையும் ஒருக்கா எங்கயாவது கூட்டிப் போங்களன்" என்றாள். அந்த 'ஒருக்கா' என்ற சொல் அவனை நித்திரை கொள்ளவிடவில்லை. மறுவாரமே ஒரு கிழட்டு ஜீப்பை வாங்கி, சிவகுருவிடம் கொண்டுவந்து விட்டான்.

சிவகுரு அதற்கு ஸ்பிரிங் இலை கூட்டி உயர்த்தினார். பெரிய டயர் போட்டார். தண்ணீருக்குள் இறங்கினாலும் எஞ்சின் மூச்சுவிட, முன்கண்ணாடி ஓரமாகத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாயை ஏற்றினார். பின்பக்கத்தில் றிஷானாவுக்கு இழுத்து மூடுகிற அடுப்பு, நஸ்ரினுக்கு மெத்தை. மிச்சம் இருந்தது ஹூட் ராக் ஒன்றுதான்: கூரைக்கு மேலே மேலதிக டயர், தண்ணீர்க் கான், கூடாரம் எல்லாம் ஏற்றுகிற இரும்புச் சட்டம்.

"கடைக் குழாய் சரிவராது தம்பி," என்று அவர் முன்னமே சொல்லியிருந்தார். "இப்ப வாறதெல்லாம் அப்பளம். ரெண்டு கான் வைச்சா நடுவால வளைஞ்சு உங்கட தலையில குந்தும். பழைய கனக் குழாய் கிடைச்சாக் கொண்டு வாங்கோ."

இப்போது சாக்கை விலக்கிச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். மணிபோல் சத்தம் எழுந்தது. அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"வெள்ளைக்காரன் துறைமுகத்துக்குப் போட்ட குழாய். எங்க பிடிச்சனீங்கள்?"

"வீட்டுல கிடந்த கட்டில் அண்ணன்."

சிவகுரு சுற்றி வந்தார். "கட்டிலெண்டா ஏன் நாலு மூலையிலயும் பிடி நீட்டிக்கொண்டு நிக்குது?"

"புள்ள விழாம."

"நாலு மூலையிலயுமோ?"

"துடியாட்டமான புள்ள."

சிவகுரு அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு வெட்டுகிற மெஷினை எடுத்தார்.

கிண்ணியாவில் எந்தச் சின்னப்பிள்ளையைக் கேட்டிருந்தாலும் அது என்ன என்று சொல்லியிருக்கும். அது சந்தூக்கு. செத்தவரின் மையித்தைக் கிடத்தி, நாலு பேர் தோளில் மையவாடிக்கு அடக்கச் சுமந்து போகிற சட்டம். பள்ளிவாசலுக்குப் புதிதாகப் பளபளவென்று ஒன்று வந்துவிட்டது. பழையதைக் கந்தளாய்க் குளத்துக்கு அப்பால், காட்டோரத்துக் குடியேற்றம் ஒன்றுக்குக் கொடுப்பது என்று நிர்வாகசபை முடிவெடுத்தது. அங்கே சந்தூக்கு இல்லை. மௌத்து விழுந்தால் யாராவது வீட்டுக் கதவைக் கழற்றி, அந்தப் பலகையில் சுமப்பார்கள். "உனக்கிட்ட ஜீப் இருக்கிதானே, கொண்டுபோய்க் குடுத்திரு" என்று இன்பாஸிடம் ஒப்படைத்தார்கள். அவனும் பெரிய தலையாட்டலாக ஆட்டினான்.

அது அவன் வீட்டுப் பின்வளவில் தேசிமரத்தடியில் கிடந்தது. நல்ல கனமான குழாய். போகும்போதும் வரும்போதும் அவன் அதைப் பார்த்தான். இவ்வளவு பழையதையா கொடுப்பது, புதிதாகவே ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுவோம், அதுதான் அவர்களுக்கு மரியாதை என்று ஒருநாள் தோன்றியது. அப்படித் தோன்றியபோது அவனுக்குத் தன்மேலேயே கொஞ்சம் மதிப்பு வந்தது. குடியேற்றத்துக்குக் கொடுத்தனுப்புவதாக றிஷானாவிடம் சொல்லி, சாக்கைப் போர்த்தி லொறியில் ஏற்றினான்.

குடியேற்றத்துப் பள்ளிவாசலைப் பார்த்துக்கொள்கிறவர் அபூதாஹிர். அவர் இடைக்கிடை போன் எடுப்பார்.

"தம்பி, அந்தச் சாமான் எப்ப வரும்? சும்மாதான் கேட்டன். வீட்டுல பொஞ்சாதிக்குச் சுகமில்ல. அதுக்காகக் கேக்கல்ல."

"இன்ஷா அல்லாஹ், வாற கிழமை காக்கா."

அடுத்த கிழமையும் அவர் கேட்டார். அடுத்த கிழமையும் அவன் இன்ஷா அல்லாஹ் சொன்னான். ஹூட் ராக்குக்குப் பெயின்ற் காய்ந்துகொண்டிருந்தது. கடையிலிருந்த நல்ல கறுப்பு.

ஜீப் வீட்டுக்கு வந்த அன்று அவர் மறுபடியும் எடுத்தார். அந்தப் பக்கத்தில் மழை பெய்கிற சத்தம்.

"தம்பி, இனி அவசரமில்ல."

"ஏன் காக்கா?"

"பொஞ்சாதி மௌத்தாகிட்டா. கதவுப் பலகையிலதான் கொண்டுபோனம். வயல் வரம்பு வழுக்கிப் போச்சு, முன்னால புடிச்சவன் விழுந்துட்டான்." மழை மட்டும் கேட்டது. "சேத்துல கிடந்தா. திரும்பக் கொண்டுவந்து குளிப்பாட்டிக் கபன் துணி மாத்தி… சரி, அது முடிஞ்ச வேலை. நீங்க ஆறுதலாக் கொண்டுவாங்க. உங்களுக்கும் கடை கண்ணி இருக்கிதானே."

ஏசியிருந்தால் தேவலை. மனிதர் ஏசவில்லை. இன்பாஸ் போனை வைத்துவிட்டு முற்றத்தில் நின்ற ஜீப்பைப் பார்த்தான். நஸ்ரின் கூரைமேல் ஏறி, ஹூட் ராக்கில் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கிடந்தாள். அவன் ஒருநாளும் பிள்ளைக்குக் கைநீட்டாதவன். அன்று இழுத்து இறக்கி அடித்துவிட்டான். ஏன் என்று றிஷானா கேட்டாள். விழுந்துவிடுவாள் என்றான்.

பயணத்தைத் தள்ளிப்போடக் காரணம் ஒன்றும் அகப்படவில்லை. பள்ளிக்கூட விடுமுறை. இடியப்பமும் கோழிக்கறியும் கட்டியாயிற்று. குளத்தங்கரையில் கூடாரம் போடுவதாக ஏற்பாடு. காலையில் புறப்பட்டார்கள்.

குறிஞ்சாக்கேணியில் தேத்தண்ணிக் கடை வாசலில் கதிரை போட்டிருந்த ஆட்கள் ஜீப்பைக் கண்டதும் எழும்பி நின்றார்கள்.

"பாத்தீங்களா?" என்றாள் றிஷானா. "ஜீப்புக்குக் கிடைக்கிற மவுசை."

அடுத்த சந்தியில் மோட்டார்சைக்கிள் ஒன்று ஓரங்கட்டியது. ஓட்டி வந்தவன் இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஜீப் தாண்டியதும், தான் ஏன் இறங்கினோம் என்று தெரியாதவன்போல் மோட்டார்சைக்கிளைப் பார்த்தான். வயலுக்குள் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து முக்காட்டை இழுத்துவிட்டார்கள். தம்பலகாமத்துக் கோயில் பக்கமாக வந்த ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

றிஷானாவின் சிரிப்பு அந்தக் கிழவரோடு நின்றுபோயிற்று.

சந்தூக்கில் ஜனாஸா சுமந்து போகும்போது மனிதர் எழும்பி நிற்பது அந்தப் பக்கத்து வழக்கம். முஸ்லிம், தமிழர், சிங்களவர் யாரும் அதற்கு விலக்கில்லை.

இன்பாஸ் அக்சிலேற்றரை மிதித்தான். எஞ்சின் கத்தியது. ஜீப் வேகமெடுக்கவில்லை. ஆட்கள் விறுவிறென்று நடக்கிற வேகம். அதற்கு மேலுமில்லை, கீழுமில்லை. சிவகுரு பாடுபட்டு உயர்த்திய பின் ஸ்பிரிங் இறங்கி, டயர் மட்கார்டில் உரசத் தொடங்கியது.

மழை இல்லை. வானம் கழுவித் துடைத்தமாதிரி இருந்தது.

கூரையின் உட்புறத்திலிருந்து ஒரு துளி நஸ்ரினின் உள்ளங்கையில் விழுந்தது.

"உம்மா, சேறு."

றிஷானா திரும்பிப் பார்த்தாள். பிள்ளையின் கையில் சேற்றுத் தண்ணீர். அதற்குள் ஒரு சின்னப் பச்சை இலை. அவள் அதை எடுத்து முகர்ந்தாள். கற்பூர வாசம். இலை இலந்தை இலை. மையித்துக் குளிப்பாட்டும்போது தண்ணீரில் போடுவார்களே, அது.

அடுத்த துளி விழுந்தது.

"என்னங்க," றிஷானா முணுமுணுத்தாள், "மேல என்ன ஏத்தி வச்சிருக்கீங்க?"

"டயர். கான். கூடாரம்."

"அதைக் கேக்கல்ல."

கந்தளாய் தாண்டிக் காட்டுப் பாதையில் ஏறியிருந்தார்கள். அங்கே பாதை பிரிகிறது. வலது பக்கம் குளத்தங்கரை, இடது பக்கம் குடியேற்றம். இன்பாஸ் வலது பக்கம் திருப்பினான், எஞ்சின் நின்றது. இடது பக்கம் திருப்பினான், தானாகவே பிடித்துக்கொண்டது. மறுபடியும் வலது பக்கம். மறுபடியும் நின்றது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, கட்டில், குழாய், இன்ஷா அல்லாஹ், வரம்பு என்று எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை மேலே ஒரு துளியும் விழவில்லை. யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல் இருந்தது.

றிஷானா பிள்ளையை மடியில் இழுத்து, அதன் காதைப் பொத்தினாள்.

"சந்தூக்கையா எங்கட தலைக்கு மேல வச்சிக் கூட்டிவந்தீங்க?"

அவன் நெற்றியை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தான்.

"அந்த மனுசிக்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"ஆர் மனுசி?"

றிஷானா கண்ணால் மேலே காட்டினாள்.

அவன் இடது பக்கம் திருப்பினான்.

குடியேற்றத்தில் அபூதாஹிர் பள்ளி வாசலில் தனியாக நின்றார். ஜீப் வருகிற சத்தத்துக்குச் சனம் கூடிவிட்டது. இன்பாஸ் இறங்கி ஸலாம் சொன்னான். கையால் கூரையைக் காட்டினான்.

அவர் எட்டிப் பிடித்து, கறுப்புப் பெயின்றுக்கு அடியிலுள்ள குழாயைத் தடவினார். நாலு மூலைகளில் இரண்டில் பிடி இருந்தது. மற்ற இரண்டிலும் சிவகுரு பெரிய லைற் பூட்டியிருந்தார்.

"லைற் எல்லாம் போட்டிருக்கி," என்றார் அபூதாஹிர்.

"மாப்புத் தாங்க காக்கா."

"எண்ட கிட்டக் கேட்டு என்ன செய்ய, தம்பி? விழுந்தது நானா?"

போல்டுகளைக் கழற்றினார்கள். டயர், கான், கூடாரம் எல்லாம் இறக்கியாயிற்று. வெறும் சட்டம். இரண்டு பொடியன்கள் லேசாகப் பிடித்து இறக்கப் பார்த்தார்கள். அசையவில்லை. இன்னும் ஆட்கள் வந்து பிடித்தும் முழங்கால் மடிந்தது. அபூதாஹிர் மெதுவாகச் சொன்னார்:

"தோள் குடுங்க. அவ போகட்டும்."

இன்பாஸ் வலது பக்க முன்மூலையில் தோளைக் கொடுத்தான். பெண்கள் வாசலில் நின்றுகொள்ள, ஆண்கள் வரம்பில் இறங்கினார்கள். ஒன்றுமில்லாத இரும்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு, லைற் இரண்டும் வெயிலில் மினுங்க, ஊரே கலிமா சொல்லிப் பின்னால் நடந்தது. பார்த்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வரம்பில் ஓர் இடத்தில் மண் சரிந்து கிடந்தது. அந்த இடத்தில் அவன் கால் வழுக்கியது. சுமை முழுவதும் அவன் பக்கமாகச் சாய்ந்தது.

ஒரு பெண்ணின் கனம்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். விடவில்லை.

மையவாடியில், ஈரம் காயாத மண்ணுக்குப் பக்கத்தில் சட்டத்தை இறக்கினார்கள். பிறகு அபூதாஹிர் ஒற்றைக் கையால் அதன் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். சுலபமாக எழும்பியது.

சந்தூக்கு அங்கேயே தங்கிவிட்டது. லைற்றும் கான் தாங்கியும் பூட்டிய சந்தூக்கு இலங்கையிலேயே அது ஒன்றுதான் இருக்கும். கழற்றித் தருவதாக இன்பாஸ் சொன்னான். கிடக்கட்டும் என்றார் அபூதாஹிர். திரும்பி வரும் வழியில் ஒருவரும் எழும்பவில்லை. குறிஞ்சாக்கேணியில் ஓர் ஆடுகூட வழிவிடவில்லை. இன்பாஸுக்குக் கண் கலங்கியது.

அதற்குப் பிறகு ஒரு காலையில், கடையில் பெயின்ற் கலக்கிக்கொண்டிருந்தபோது, அவனுடைய வலது தோளில் ஏதோ வந்து அமர்ந்தது. உருண்டையாக, குளிர்ந்து, கனமாக. கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. மத்தியானம் அபூதாஹிர் போன் எடுத்தார்.

"இண்டைக்கு இஞ்ச ஒரு ஜனாஸா தம்பி. ஒரு புதினம் கேளுங்க. ஆள் குறைவு, மூணு பேர்தான் தூக்கினம். ஆனா வலது பக்க முன்மூலை இறங்கவே இல்ல."

இன்பாஸ் தோளைத் தடவிக்கொண்டான். பிறகும் அப்படி நடந்தது. குடியேற்றத்தில் மௌத்து விழும்போதெல்லாம் கிண்ணியாவில் அவனுடைய தோள் கனக்கும். அடக்கம் முடிந்ததும் விட்டுவிடும். றிஷானா எண்ணெய் தடவிவிடுவாள். இதுதான் தண்டனை என்றால் சுமக்கலாம் என்று அவன் நினைத்தான். சில நாட்களில் அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

போன கிழமை ஒருநாள் காலையில், பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தோள் கனத்தது. மத்தியானம் லுஹர் தொழுகைக்கும் விடவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்கும் விடவில்லை. அவனே போன் எடுத்தான்.

"காக்கா, இண்டைக்கு ஆர்?"

"ஆரு என்ன? எல்லாரும் சுகமா இருக்காங்க, அல்ஹம்துலில்லாஹ்."

"அப்ப சந்தூக்கு?"

"பள்ளிக்குப் பின்னால அறையில கிடக்கு. நேத்தும் பாத்தன். பொறுங்க."

செருப்புச் சத்தம் போயிற்று. கதவு திறந்தது. செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"தம்பி," என்றார் அபூதாஹிர், மிகத் தாழ்ந்த குரலில். "இஞ்ச இல்ல."

இன்பாஸ் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எதிரே நின்ற றிஷானா அவனுடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைத் துணி குழாய் அளவுக்குக் குழிந்திருந்தது. அந்தக் குழி மெல்ல ஏறியது, இறங்கியது; வழுக்குகிற வரம்பில் ஆட்கள் பார்த்துப் பார்த்து அடிவைப்பதுபோல.

பிறகு அது ஒரே சீராகியது. கிண்ணியாவுக்கு வருகிற தார் வீதியில் ஏறிவிட்டார்கள் போலிருந்தது.