முனியாண்டி கல்லடியில் புகை

"அலமாக்! சாமி நெருப்ப பூட்ஸ் காலால மிதிக்கிறீங்களே!"

வனக் காவலர் லோஷினி நிமிரவில்லை. சிதறிய தேங்காய் மட்டைத் தணலை மிதித்து முடித்துவிட்டுத்தான் அவனைப் பார்த்தாள். வியர்வை வழியும் கறுத்த முகம். கோபத்தில் இன்னும் பெரிதாகிப்போன கண்கள்... இந்த நேரத்தில் கண்ணைப் பார்க்கிறாளே, நல்ல காவல்காரிதான்!

"வாசல்ல பலகை வச்சிருக்கோமே, படிக்கலையா? ரெண்டு மாசமா மழை இல்ல. காட்டுக்குள்ள அடுப்பு, சிகரெட், சூடம்... எதுவும் கூடாது."

"சாமிக்குமா?"

"நெருப்புக்கு சாமி தெரியாதுங்க."

அவன் ஹேமநாதன். செனாய் நகரத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறவன். சிங்கப்பூரில் வேலை கிடைத்தால் காட்டு முனியாண்டி கல்லுக்குச் சாம்பிராணி போடுவதாக அவன் அம்மா வெள்ளையம்மா நேர்ந்திருந்தாள். வேலை கிடைத்தது, நேர்த்தி பாதியில் மிதிபட்டது. நேரே வன அலுவலகம் போய் அவள்மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டான்.

லோஷினிக்கு ஒப்பந்த வேலை. மாதக் கடைசியில் முடிகிறது. புகார் நிலைத்தால் மறு கையெழுத்து கிடையாது. மறுபடியும் கையுறைத் தொழிற்சாலைச் சூட்டில் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் அதிகாரி ரஹ்மான் இருவரையும் கல்லடிக்கே கூட்டிப்போனார்.

கல்லுக்கு நாலடி தள்ளி, மண்ணுக்குள்ளிருந்து நூலாகப் புகை.

"அன்னிக்கே அணைஞ்சிருச்சே..." ஹேமநாதன் இரண்டடி பின்வாங்கினான்.

அது மண்ணே அல்ல. காலங்காலமாக இலையும் வேரும் மக்கிக் கிடப்பது. நெருப்பு மேலே செத்து அடியில் நடக்கும்.

லோஷினி புகையருகே குனிந்தாள். வாயை மூடிக்கொண்டால் பழி முழுக்க அவன் தலையில். வேலையும் பிழைக்கும்...

"என்சிக், என் தப்பும் இருக்கு," என்றாள் அதிகாரியிடம் மலாயில். "மிதிச்சதுல தணல் உள்ள இறங்கிருச்சு. தண்ணி ஊத்திக் கிளறியிருக்கணும்."

ஹேமநாதன் அவளைப் பார்த்தான். இதைக் கேட்கத்தானே மூன்று நாளாய்க் குமுறினான்? கேட்டதும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஜீப்பிலிருந்து மண்வெட்டியை எடுத்துவந்தான்.

அவன் வெட்ட, அவள் ஓடைத் தண்ணீரைத் தூக்கிவந்து ஊற்றினாள். முழங்கால்வரை சேறு.

"சாமி கும்பிட வந்தவர் மாதிரி இல்ல, சாக்கடை தோண்ட வந்தவர் மாதிரி இருக்கீங்க."

சிரித்தான். அந்தச் சிரிப்பு... வாளி கனக்கவில்லை அவளுக்கு.

சூடு மிச்சமிருக்கிறதா என்று சேற்றுக்குள் வெறுங்கையை விட்டாள். அவனும் விட்டான். சேறு சில்லென்றிருந்தது. இரண்டு கைகளும் வெளியே வர அவசரப்படவில்லை.

"என்சிக், புகார திரும்ப வாங்கிக்கிறேன்," என்றான்.

"வாங்கிக்கோ. தீ வச்சதுக்கு மூணு மாசம் காட்டுக்குள்ள வரக்கூடாது. லோஷினி, எழுது," என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்புக்கு நடந்தார்.

எழுதினாள். ஓர் எழுத்துகூடக் குறைக்கவில்லை. தாளை நீட்டினாள். கையெழுத்திட்டவன் பேனாவைத் திருப்பித் தரவில்லை.

"தப்ப ஒத்துக்கிட்டீங்க பாருங்க... அங்கயே விழுந்துட்டேன். உங்கள ரொம்பப் பிடிச்சிருக்குங்க. அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல லா."

காது மடல் சுட்டது அவளுக்கு.

"நேர்த்திய நிறுத்தினவ நாந்தான்னு மொதல்ல சொல்லுங்க. மறைச்சுக் கூட்டிட்டுப் போனா வரமாட்டேன்."

"சொன்னா வருவீங்களா?"

"திங்கக்கிழமை எனக்கு லீவு..." பார்வை தாளிலேயே இருந்தது. "எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா, மூணு மாசத் தடை தடைதான்."