வர்றேன் என்று சொன்னவள்

அல்பேனியாவின் மலைப்பாதையில் பேருந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, ஆட்டுக்குட்டி ஒன்றை விலைக்கு வாங்கி, வைக்க வேறு இடமில்லாமல் அவள் மடியில் வைத்துவிட்டுப் போன கதையை அக்ஷரா பாதிதான் சொல்லியிருந்தாள். மீதியை அம்மா சொன்னாள்.

"அது உன்ற மடியிலயே மூத்திரம் பேஞ்சிருச்சு. எறங்கற வரைக்கும் நீ வாயே தொறக்கல. அதானே?"

அம்மா அரசாணிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ சொல்லித்தான். எத்தன தரந்தான் அதையே சொல்லுவே?"

அக்ஷரா அதை யாரிடமும் சொன்னதில்லை. படம் எடுக்கவில்லை, எங்கும் எழுதவில்லை. பேருந்து நிலையக் குழாயடியில் தனியாக நின்று கால்சட்டையை அலசியபோது, இதை அம்மாவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தாள். அவ்வளவுதான். அப்போது அம்மாவோடு பேச்சே இல்லை.

குக்கர் விசில் அடித்தது. பின்பக்கம் அப்பாவின் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடும் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. வேலம்பாளையத்தில் அந்தச் சத்தம் இல்லாத வீடு கிடையாது; பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு அது சத்தமாகவே தோன்றாத ஒன்று. இன்று அதற்குள் யாரோ பேசுவது போலிருந்தது.

ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகப்போகிறது. ஜெர்மனியில் ஜவுளிப் படிப்பு முடிந்ததும் வீட்டுக்கு வராமல், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஸ்லோவேனியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா என்று தன்னந்தனியாகச் சுற்றியவள் அவள். அந்த மாதங்களைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. பார்க்க வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் அவள் கறுத்துவிட்டதைச் சொன்னார்கள், மாப்பிள்ளை பார்ப்பதைக் கேட்டார்கள், காபி குடித்துப் போனார்கள். சொல்ல வாயெடுத்தால் அம்மா முடித்துவைத்தாள், அல்லது "அதைத்தான் சொன்னியே" என்றாள். கழுத்து வரை நிரம்பிய குடத்தோடு நடப்பது போல அவள் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள்.

போர்ச்சுகலில் ஒரு வேலை காத்திருந்தது. இந்த மாதத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும். அப்பா மகுடேஸ்வரன் அதைப் பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"போர்ச்சுகல்ல என்ன வேலைங்கறே?" அன்று சாப்பிடும்போது கேட்டார்.

"நிட்டிங் டிசைன்."

"அதாவது பனியன்."

"அப்பா..."

"ஐரோப்பாக்காரன் பனியனுக்காவ வேலம்பாளையத்துக்கு வர்றான். எம்புள்ள பனியன் பண்ண ஐரோப்பாவுக்குப் போறா. இதைய நான் வெளிய எப்படிச் சொல்றது சாமி? சிரிப்பாங்கல்ல?" அவரே சிரித்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதுவுமில்லாம, நேத்து நீயே செரின்னுட்டியே. இங்கயே இருக்கறனுங்கப்பான்னு."

"நான் எப்பச் சொன்னேன்?"

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழந்தை அடம்பிடிக்கும்போது பெரியவர்கள் பார்த்துக்கொள்ளும் பார்வை.

"இப்ப மட்டும் ஏங் கண்ணு மெட்ராஸ்காரியாட்டம் வெடுக்குவெடுக்குன்னு பேசறே?" என்றாள் அம்மா. "மத்த நேரமெல்லாம் வாங்க போங்கன்னு எவ்வளவு பதமாப் பேசறே."

பாதிச் சோற்றில் எழுந்தாள். இது ஒரு உத்தி என்று தோன்றியது. நேரடியாக மறுக்க முடியாதவர்கள், சம்மதித்துவிட்டாய் என்று சொல்லிச் சொல்லியே சம்மதிக்க வைப்பார்கள். மாடிப்படியில் தடதடவென்று ஏறினாள். தன் அறையில், தன் கட்டிலில், முகத்தைத் தலையணையில் புதைத்தாள்.

தேங்காய் எண்ணெய் வாசம்.

அவள் எண்ணெய் வைப்பதை விட்டு வருஷங்களாகிவிட்டன. நிமிர்ந்து பார்த்தாள். உறையில் தலை அளவுக்கு ஒரு கறை, இன்னும் ஈரம் காயாமல். கட்டிலின் சுவரோரப் பக்கத்தில் கையை வைத்தாள். யாரோ இப்போதுதான் எழுந்து போன இடம் போல அது வெதுவெதுப்பாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டாள். அந்தப் பக்கம் வடக்கு.

மறுநாள் அப்பாவிடம் கடைசியாக ஒருமுறை பேசிவிடுவது என்று கம்பெனிக்குப் போனாள். உள்ளே நீராவி இஸ்திரியின் சூடு, புதுத் துணியின் மாவு வாசம், டியூப்லைட் வெளிச்சத்தில் மிதக்கும் பஞ்சுத் தூசி. அப்பா இல்லை. செக்கிங் டேபிளில் நின்ற ஆஷா அவளைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தரியை வைத்தாள். தேனிப் பக்கத்திலிருந்து வந்து நாலைந்து வருஷமாக வேலை பார்ப்பவள், வாய் ஓயாதவள்.

"என்னக்கா, சட்டைய மாத்திட்டு வந்துட்டீக? பச்சைதான் உங்களுக்கு எடுப்பா இருந்துச்சு."

"என்ன பச்சை?"

"நல்லா கேக்குறீக போங்க. இப்பத்தானக்கா இந்தா, இந்த ஓட்டைப் பீஸையெல்லாம் ஒதுக்கச் சொல்லிட்டு மேக்க போனீக. ஒதுக்கி வச்சிட்டுத் திரும்புறேன், கிழக்க இருந்து வாரீக." ஆஷா சிரித்தாள். "வெளிநாட்டுல இதைத்தேன் படிச்சுக் குடுத்தாகளா?"

அந்த நேரம் கரண்ட் போனது.

மிஷின்கள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. இருட்டில்லை, மேல் ஜன்னல்களிலிருந்து மங்கலான சாம்பல் வெளிச்சம் விழுந்தது. பெண்கள் "அப்பாடா" என்று முதுகை நிமிர்த்தினார்கள். ஜெனரேட்டர் எடுக்கும்வரை வருகிற அந்தச் சின்ன அமைதியில், கூடத்தின் மேற்குக் கோடியில், துணிக் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னாலிருந்து, ஒரு குரல் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"செரிங்க. ஆமாங்க. நான் எங்கீங்க போறேன், இங்கயேதான் இருக்கறனுங்க."

அக்ஷராவின் குரல். அவள் பள்ளிக்கூடத்தில் பேசிய குரல். ஜெர்மனியில், ரயில்களில், விடுதிகளில், ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் உதறிவிட்டு வந்த இழுவை எல்லாம் அதில் அப்படியே இருந்தது.

ஜெனரேட்டர் உறுமியது. மிஷின்களின் சத்தம் அந்தக் குரலை மூடிக்கொண்டது. ஆஷா குனிந்து வேலையைத் தொடங்கியிருந்தாள்.

அக்ஷரா மேற்கே நடக்கவில்லை. வீட்டுக்கு ஓடினாள்.

அம்மா கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கொடியில் ஒரு பச்சைச் சட்டை. அக்ஷரா அதைப் பார்க்காமல் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"நான் இல்லாதப்ப ஏன் நீ எனக்கு ஒரு போன் கூடப் பண்ணலை?"

மாண்டினீக்ரோவில் ஒரு மலைமேல், மழையில், கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்த மாலை ஞாபகம் வந்தது. கையில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எவ்வளவு சண்டை போட்டிருந்தாலும் அம்மாவுக்கு ஏதோ உறைக்கும், கூப்பிடுவாள் என்று. கூப்பிடவில்லை. அங்கே உட்கார்ந்து அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டி அழுதாள். அம்மாவின் அந்தப் பிடிவாதத்தை இன்றுவரை மன்னிக்கவில்லை.

"அந்த மழைக்குள்ள என்னைய திட்டுனியே, அதுக்குக் கேக்கறயா?" அம்மா சிரித்தாள். "அதையுஞ் சொன்னே. காலு இப்ப பரவால்லையா?"

"அம்மா. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஊட்டுல இருக்கற புள்ளைக்கு எதுக்கு கண்ணு போன் பண்றது?"

துணி காற்றில் அடித்துக்கொண்டது.

"நான் ஜெர்மனிக்குக் கிளம்பின அன்னிக்கு என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? உங்கப்பாகூடச் சண்ட போட்டுட்டு, போறேன்னு சொன்னே. வாசல்ல நின்னு ஆராச்சும் அப்படிச் சொல்லுவாங்களா? எனக்கு நெஞ்சே அடைச்சிருச்சு. வர்றேன்னு சொல்லு கண்ணு, வர்றேன்னு சொல்லிட்டுப் போன்னு காருக்குப் பொறகாலயே ஓடியாந்தேன்."

"நான் சொல்லலை."

"சொன்னியே."

"எப்ப?"

"காரு போனதுக்கப்புறம்." அம்மா பச்சைச் சட்டையை உதறி மடித்தாள். "நான் உள்ள வந்து அழுதுட்டு இருந்தேன். நீ மாடிப்படியில நின்னு சொன்னே. வர்றேனுங்கம்மான்னு. சொல்லிட்டு எறங்கி வந்தே. அப்பறந்தான் எனக்கு வகுறு குளுந்துது."

"அம்மா, அப்ப நான் கார்ல இருந்தேன்."

"ஆமா," என்றாள் அம்மா. "கார்லதான் இருந்தே."

அந்த முகத்தில் குழப்பமே இல்லை. இரண்டும் அவளுக்கு உண்மை. ஒன்று இன்னொன்றைத் தொடவில்லை.

எத்தனை இரவுகள். எத்தனை ஊர்களின் அடுக்குக் கட்டில்களில் கிடந்து, வீட்டில் தன்னுடைய இடம் வெறுமையாக இருக்கிறது, அந்த வெறுமை அவர்களைச் சுடும், சுடட்டும் என்று நினைத்திருக்கிறாள். அந்த நினைப்பில்தான் தூங்கியிருக்கிறாள். போகிறவளுக்குப் பின்னால் ஒரு காலியிடம் இருந்தால்தான் அது போவது.

காலியிடம் இருக்கவே இல்லை.

அன்று அவள் அறைக்குப் போகவில்லை. கூடத்துச் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். மேலே அவளுடைய அறையில் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, குளியலறையில் தண்ணீர். அம்மா ஒரு சொம்பில் பால் எடுத்துக்கொண்டு படியேறினாள். மேலே கொஞ்ச நேரம் பேச்சுக் குரல். சிரிப்பு. ஆட்டுக்குட்டி என்ற சொல். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

படியேறிப் பார்க்க வேண்டும். விடியும்வரை சோபாவிலேயே கிடந்தாள்.

மறுநாள் காலை அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"அந்தப் போர்ச்சுகல்லு."

"சொல்லுங்கப்பா." அந்த 'ங்க' அவளை அறியாமல் வந்தது.

"போ கண்ணு."

அவள் காத்திருந்தாள். போயிட்டு வா என்று சொல்வார். எந்த வீட்டிலும் அந்தச் சொல்லை அப்படிப் பாதியில் விடமாட்டார்கள். இழவு கேட்க வந்தவர்களைத் தவிர வேறு யாரிடமும், பால்காரரிடம் கூட. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செய்தித்தாளை மறுபடி விரித்தார்.

இத்தனை நாள் முட்டி மோதிய கதவு. இவ்வளவு லேசாக.

அடுத்த சில நாட்களில் யாரும் தடுக்கவில்லை, அழவில்லை. அம்மா பருப்புப் பொடி அரைத்துக் கட்டித் தரவில்லை. கிளம்பும் அன்று பொழுது சாயும் நேரத்தில் டாக்ஸி வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. சாயப்பட்டறைப் பக்கமிருந்து காற்றில் புளித்த வாசம் வந்தது. சாப்பாட்டு மேசையில் அம்மா தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கிளம்பறேன்."

"ம்."

"கேட்டு வரைக்கும் வரலியா?"

"சோறு ஆறிப்போயிருங் கண்ணு."

பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். ஓட்டுநர் பையை வாங்கி டிக்கியில் வைத்தார். கார்க் கதவைத் திறந்தபோது, பின்னால் கேட்டின் தாழ் விழும் சத்தம் கேட்டது.

திரும்பினாள். கேட்டருகே யாரும் இல்லை. தாழ் உள்ளே போட்டிருந்தது.

அப்போதுதான் அது புரிந்தது. போக வேண்டாம். வேலை வேண்டாம். அந்த நாற்காலியில், அந்தக் கட்டிலில், அம்மா திட்டத் திட்ட, தான் இருக்க வேண்டும். இப்போதே. இந்த நொடியே.

ஓடிவந்து கம்பிகளைப் பிடித்தாள். முன்கதவு திறந்திருந்தது. உள்ளே கூடத்து விளக்கு. மேசையில் அப்பா. பக்கத்தில் அம்மா. அம்மாவுக்கு எதிரே, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பச்சைச் சட்டை. எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய தலை. அம்மா சோற்றைப் பிசைந்து உருட்டி எட்டி நீட்டினாள். அந்தத் தலை முன்னே குனிந்து வாங்கிக்கொண்டது.

அக்ஷராவின் வாய்க்குள் ஒன்றும் இல்லை. ஆனால் நாக்கில் ரசம் உறைத்தது. புளியும் மிளகும். சூடு.

"அம்மா!"

கத்தினாள். வாய் அகலத் திறந்தது. தொண்டை நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

வந்தது. உள்ளே. மேசையிலிருந்து. நிதானமாக, பதமாக.

"அம்மா."

"என்ன சாமி?" அம்மா குனிந்தாள். "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டா?"

மறுபடி கத்தினாள். அப்பாவை. மறுபடியும்.

"அப்பா," என்றது உள்ளே.

அப்பா நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மா அடுத்த உருண்டையை நீட்டினாள். கேட்டுக்கு வெளியே, கம்பிகளுக்கு நடுவே, அக்ஷராவின் தாடை தானாக மென்றுகொண்டிருந்தது.